சுமை எந்த மொழியில்?

“தமிழில் 247 எழுத்துகள், பிள்ளைக்கு எதற்கு இந்தச் சுமை?” எனக் கேட்கும் பெற்றோர், தாயகம் விட்டுப் பிழைக்க வந்த நம் இல்லங்களில் பெருகி வருகின்றனர். அவர்களோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு.

அவர்கள் எளிதென நம்பும் ஆங்கிலத்தைச் சற்றே நோக்குவோம். கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்னும் சொல்லில் ‘பி’ என்றோர் எழுத்து வாய் திறவாமல் அமர்ந்திருக்கிறது. அச்சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தபோது அவ்வெழுத்து அதில் இல்லை. ‘டெபிட்டும்’ என்னும் இலத்தீன் மூலத்தை நினைவூட்டக் கற்றோர் அதனை இடையில் செருகினர். தீவைக் குறிக்கும் ‘ஐலண்டு’ பட்ட பாடு இன்னும் வேடிக்கை. அது பழைய ஆங்கிலச் சொல். இலத்தீன் ‘இன்சுலா’வின் வழிவந்த ‘ஐல்’ என்னும் வேறொரு சொல்லோடு இல்லாத உறவைக் கற்பித்து, அதற்கும் ஒலியாத ‘எஸ்’ ஒன்றைச் சூட்டிவிட்டனர். போர்வீரனைக் குறிக்கும் ‘நைட்’டின் முதலில் நிற்கும் ‘கே’ ஒரு காலத்தில் ஒலித்ததே. நா அதனைக் கைவிட்டது, ஏடு கைவிடவில்லை. 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவிய பின் எழுத்து மெல்ல மெல்ல உறைந்தது. பேச்சோ ஓடிக்கொண்டே இருந்தது.

இத்தனை முரண்களையும் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றனர். தவறினால் பத்து முறை எழுதச் செய்பவரும் நாமே. அலுவலகக் கோப்பில் ஓர் ஆங்கிலச் சொல் ஐயமாயின் அகராதியைப் புரட்டுபவரும் நாமே. அங்கெல்லாம் தோன்றாத சுமை தமிழில் மட்டும் தோன்றுவது ஏன்?

247 என்பது மலைப்பூட்டும் எண். அதில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. எஞ்சிய 216 எழுத்துகளும் உயிரும் மெய்யும் கூடிப் பிறந்தவை. தமிழிலும் இடர் உண்டு. ‘கடல்’, ‘தங்கம்’ என்னும் சொற்களில் ககரம் இருவேறாக ஒலிக்கும். ஆனால், எழுத்து நிற்கும் இடமே ஒலியை உணர்த்திவிடும். லகர ளகர ழகரங்கள் எழுதுவோரைத் தடுமாறச் செய்யும். ஆயினும் ஊமை எழுத்தை நடுவில் ஒளித்து வைத்து எவரையும் ஏய்ப்பதில்லை.

ஆங்கிலத்தை வெறுக்குமாறு நாம் கூறவில்லை. அது நமக்குச் சோறிடும் மொழி. நம் கட்டுமரத்தையும் சுருட்டையும் தன் அகராதியில் ஏற்றுக்கொண்ட மொழியுங்கூட. அச்சொற்களை ஆங்கில எழுத்தில் படிக்கும் பிள்ளை, தாய்மொழி எழுத்தில் கண்டால் விழிக்கலாமா? ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழில் தன் பாட்டனார் பெயரைக் கண்டறிய இயலாமல் நிற்கலாமா?

பெற்றோரே, ஒலியாத ‘பி’க்கு நீங்கள் செலவிடும் நேரத்தில் பாதியை ஒலிக்கின்ற அகரத்திற்கு ஒதுக்குங்கள். அதற்குப் பின்னும் சுமையெனத் தோன்றினால், அன்று வந்து நம்மோடு வழக்காடுங்கள்.