எல்லாம் பொய்தான் என்று சொன்னேன்

ரிடையர் ஆன ரயில்வேக்காரன் பேனாவை எடுத்தால் பஞ்சப்படியைப் பற்றி எழுதுவான், இல்லாவிட்டால் சர்க்கரை வியாதியைப் பற்றி எழுதுவான் என்று நமது மலரின் வாசகர்கள் எதிர்பார்ப்பது நியாயம். நான் இம்முறை மல்யுத்தத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். நம் அப்பாக்கள் வாய் ஓயாமல் பேசிய தாராசிங் - கிங்காங் மல்யுத்தம் அல்ல. முள்கம்பி, ட்யூப்லைட், வெடி இவற்றை வைத்துக்கொண்டு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சின்னச் சின்னக் கம்பெனிகள் நடத்துகிற மல்யுத்தம். அதற்கு 'டெத் மேட்ச்' என்று பெயர். என் வீட்டில் நடந்த ஒரு சம்பவம்தான் இதை எழுத வைத்தது. அதில் என் பங்கும் இருக்கிறது.

என் பேரனுக்கு 12 வயது. இங்கே ஜபல்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான், எழுத்துக் கூட்டி வாசிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டிலிருந்து தாள் கிழித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். நாலு ஜோடி, இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி என்று கபடிப் போட்டிக்கு நாம் போடுகிற அதே அட்டவணை. எங்கள் குடியிருப்புப் பையன்கள் எட்டுப் பேரின் பெயரும் இருந்தது. மேலே 'டேக் டீம் டோர்னமென்ட்' என்று தலைப்பு. கோடு நேராக இருக்கிறது என்று பாராட்டினேன். டிப்ளமோ படித்தவன் புத்தி அவ்வளவுதான், கோட்டைத்தான் பார்க்கும்.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் அவன் கைபேசியில் இந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்ததை மருமகள் கண்டுபிடித்திருந்தாள். முகத்தில் ரத்தம் வழிய இரண்டு பேர், அவர்கள் முதுகில் ட்யூப்லைட்டை உடைக்கிற வேறு இரண்டு பேர். பையன் ராத்திரியில் பயந்துகொள்வான் என்று அவளுக்குக் கவலை. நான் பெரிய மனுஷனாக நடுவில் புகுந்து, "இதெல்லாம் பொய்டா. ரத்தம் வெறும் சாயம். ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டேன். 1990களில் இவன் அப்பா ரயில்வே க்வார்ட்டர்ஸ் பையன்களோடு டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டு சேர்த்துக்கொண்டு திரிந்தபோதும் இதையேதான் சொன்னேன். அப்போது ஒரு கேடும் வரவில்லை.

இந்த முறை வந்தது. எங்கள் கட்டடத்தில் எல்.இ.டி. விளக்கு மாற்றியபோது கழற்றிய பழைய ட்யூப்கள் பம்ப் ரூமில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பையன்கள் நாலைந்தை மொட்டை மாடிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். போட்டி தொடங்கக்கூட இல்லை. பேரனுக்கு ஜோடி எதிர்வீட்டு மராட்டிப் பையன். ஒத்திகை பார்க்கலாம் என்று அவன் கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்க, இவன் அடித்திருக்கிறான். முழங்கைக்குக் கீழே ஆறு தையல், ஒரு டெட்டனஸ் ஊசி. கண்ணுக்குப் போகாதது கடவுள் புண்ணியம். ஆஸ்பத்திரி வராந்தாவில் மருமகள் அவனைப் பிடித்து உலுக்கியபோது அவன் அழுதுகொண்டே என்னைப் பார்த்து, "தாத்தா, நீங்கதானே எல்லாம் பொய்னு சொன்னீங்க" என்றான். எதிர்வீட்டு அம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். தமிழ் புரியாதது எனக்கு அன்று சௌகரியமாக இருந்தது.

அதன்பின் இரண்டு மாதம் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன், பார்க்க முடிந்ததைப் பார்த்தேன். நான் சொன்னதில் ஒரே ஒரு பகுதிதான் சரி. யார் ஜெயிப்பது என்பது முன்னாலேயே பேசி வைத்தது. மற்றதெல்லாம் என் கற்பனை. ரத்தம் சாயம் அல்ல. நெற்றியில் தானே கீறிக்கொள்வதற்குப் பிளேடுத் துண்டை மணிக்கட்டுக் கட்டில் ஒளித்து வைத்திருப்பார்கள். முள்கம்பி நிஜ முள்கம்பி. ட்யூப் நிஜ ட்யூப்.

ட்யூப்பை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நாலு அடி, 40 வாட் ட்யூப் கீழே விழுந்து வெடித்த சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும். உள்ளே காற்றழுத்தம் மிகக் குறைவு. அதனால் உடையும்போது துப்பாக்கி மாதிரிச் சத்தம். உள்பக்கம் பூசிய வெள்ளைப் பொடி புகையாகக் கிளம்பும். கடைசி வரிசைக்காரனுக்கும் தெரியும், கேட்கும். கண்ணாடி மெல்லியது, ஆகவே அடியின் கனம் குறைவு, எலும்பு முறியாது. ஆனால் அதே மெல்லிய கண்ணாடிதான் சவர பிளேடு மாதிரிச் சீவும். கொஞ்சம் பாதரசமும் சேர்ந்து வரும். வேடிக்கைக்கு இதைவிடத் தோதான பொருள் கிடையாது, உடம்புக்கு இதைவிட வேண்டாத பொருளும் கிடையாது.

ஜோடி மல்யுத்தத்தின் சட்டம் எளிது. ஜோடிக்கு ஒருவன் உள்ளே, ஒருவன் கயிற்றுக்கு வெளியே. உள்ளே இருப்பவன் களைத்தால் வெளியே நிற்பவன் கையைத் தொட்டுவிட்டு வெளியேறலாம். கேங்கில் சுத்தியல் அடிப்பவர்கள் மாற்றி மாற்றி மூச்சு வாங்கிக்கொள்வதைப்போல. டெத் மேட்ச் ஜோடியில் பெரும்பாலும் இந்த ஓய்வும் கிடையாது, நாலு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே. கயிறு இருக்க வேண்டிய இடத்தில் சில சமயம் முள்கம்பி. டோர்னமென்ட் என்றால் இன்னும் மோசம். ஜெயித்தவனுக்குப் பரிசு, அதே நாளில் அதே காயத்தோடு மறுபடியும் உள்ளே போவது.

1992 மே மாதம் ஜப்பானின் ஹியோகோ பகுதியில் நடந்த ஒரு ஜோடிச் சண்டையைச் சொல்கிறேன். நடத்தியது எஃப்.எம்.டபிள்யூ. என்ற கம்பெனி. 1989ல் அதைத் தொடங்கியவர் அட்சுஷி ஓனிடா. கயிற்றுக்குப் பதில் வெடிக்கும் முள்கம்பி கட்டிச் சண்டை போடுவதை 1990ல் தோக்கியோவில் அரங்கேற்றியவரும் அவரே. 2001ல் ஜப்பான் நாடாளுமன்ற மேலவைக்கே உறுப்பினராகப் போய்விட்டார்! அன்றைய சண்டையில் ஒரு பக்கம் ஓனிடாவும் டார்ஸான் கோட்டோவும். எதிர்ப்பக்கம் ஷேக் என்ற பெயரில் ஆடிய லெபனான் வம்சாவளி அமெரிக்கரும், அவரிடம் தொழில் கற்ற சாபு என்ற இளைஞரும். இருவரும் அங்கிள், நெப்யூ முறை. சித்தப்பாவா, மாமாவா என்ற வித்தியாசமெல்லாம் அவர்களுக்கு ஒரே சொல்லில் அடங்கிவிடும். மேடையைச் சுற்றிய முள்கம்பியில் எரிபொருளில் நனைத்த துணியைச் சுற்றித் தீ வைத்தார்கள். சில நிமிஷத்தில் தீ நினைத்ததைவிடப் பெரிதாகி, நாலு பேரும் தப்பித்தால் போதும் என்று வெளியே பாய்ந்தார்கள். ஷேக்குக்குப் பலத்த தீக்காயம். அப்போது அவர் வயது 65. என் வயது. நான் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன்.

மூன்று வருஷம் கழித்து, 1995 ஆகஸ்டு 20, கவாசாகி ஸ்டேடியம். இது தனிநபர் போட்டி, எட்டுப் பேர், ஒரே நாளில் முடிவு. மிக் ஃபோலி என்பவர் ஜெயித்தார். முதல் சண்டையில் முள்கம்பி சுற்றிய மட்டையும் குண்டூசியும், இரண்டாவதில் ஆணிப் பலகை, மூன்றாவதில் வெடிக்கிற முள்கம்பிப் பலகை. இறுதியில் எதிரே நின்ற டெர்ரி ஃபங்குக்கு வயது 51. ஃபோலியின் கை வெந்துபோனது. இதற்கெல்லாம் தமக்குக் கிடைத்தது 300 டாலர் என்று பிற்பாடு அவரே சொன்னார்.

இந்த 300ல்தான் நான் நின்றுவிட்டேன். அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்கிறவர்கள் கம்பெனி ஊழியர்கள் அல்ல, தனித்தனி 'கான்ட்ராக்டர்கள்'. யூனியன் கிடையாது. ஒருவன் ரத்தம் இன்னொருவனுக்குத் தொற்றினால் கேட்பாரில்லை. அப்துல்லா தி புச்சர் என்ற பெயர் பெற்ற மல்லர் 2007ல் ஒரு சண்டையில் பிளேடால் கீறி ஹெப்படைட்டிஸ் தொற்ற வைத்தார் என்று ஒரு கனடா வீரர் வழக்குப் போட்டு, 2014ல் ஒண்டாரியோ நீதிமன்றத்தில் 20 லட்சம் டாலருக்கு மேல் தீர்ப்பு வாங்கினார். கோர்ட் வரை போக முடிந்தவர் அவர். போக முடியாதவர்களைப் பற்றி யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

இங்கே என் தொழில் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பி.டபிள்யூ.ஐ. ஆக இருந்த காலத்தில் உளி வைத்துத் தண்டவாளம் வெட்டும்போது இரும்புச் சில்லு தெறித்து ஒரு கேங்மேனுக்கு ஒரு கண் போயிற்று. கண்ணாடி போட்டிருக்க வேண்டும். ஸ்டோரில் கண்ணாடி வந்து கிடந்தது, பட்டுவாடா ஆகவில்லை. ரிப்போர்ட்டில் 'சொந்தக் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த இரண்டு சொல் எழுதப்பட்டவுடன் எல்லோருக்கும் ஃபைல் முடிந்தது, அவன் ஒருவனைத் தவிர. 'எல்லாம் பொய்' என்பதும் அந்த ஜாதிச் சொல்தான். அதைச் சொல்லிவிட்டால் அடிபட்டவன் என்ற ஒருத்தனே இல்லாமல் போய்விடுகிறான். டிக்கெட் வாங்கினவனும் கணக்குக் கொடுக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற தாத்தாவும் கொடுக்க வேண்டாம்.

நாம் எப்போதும் உண்மையா, பொய்யா என்று மட்டும்தான் பட்டிமன்றம் நடத்துகிறோம். 2016 பிப்ரவரியில் நம் கிரேட் காலி ஹல்த்வானியில் தலை உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போய், சில நாளில் டேராடூனில் திரும்பி வந்து பழி தீர்த்தபோது எங்கள் ஆபீஸ் முழுக்க இந்த ஒரே வாக்குவாதம். தலையில் போட்ட தையலைப் பற்றி யாரும் பேசவில்லை.

பார்க்கிறவன் மனசு எப்படிப் போகிறது என்பதற்கு இன்னொன்று. 2021 மார்ச் 7 அன்று அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் ஜான் மாக்ஸ்லி, கென்னி ஒமேகா என்ற இருவருக்கு ஓனிடா பாணியில் வெடி வைத்த சண்டை. கடைசியில் மேடையே வெடிக்கும் என்று அறிவித்து, நேரம் எண்ணினார்கள். கட்டுண்டு கிடந்த மாக்ஸ்லியைக் காப்பாற்ற எடி கிங்ஸ்டன் என்பவர் ஓடி வந்து அவர்மேல் கவிழ்ந்து படுத்தார். வெடி புஸ்ஸென்று போயிற்று. நம் வீட்டுத் தீபாவளி மத்தாப்பு தேவலை. உடனே ஜனங்களுக்குக் கோபம், கேலி. இரண்டு பேர் முழு உடம்போடு எழுந்தார்களே என்று அல்ல, வெடிக்கவில்லையே என்று! பனிக்காலத்தில் கட்னி பக்கம் தண்டவாளத்தில் நாங்கள் டெட்டனேட்டர் வைப்போம், ஹிந்தியில் படாக்கா என்பார்கள். வேலை நடக்கிற இடத்துக்கு முன்னால் 600 மீட்டரில் ஒன்று, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் விட்டு மூன்று. அது வெடித்தால் டிரைவர் வண்டியை நிறுத்துவார், ஆட்கள் பிழைப்பார்கள். வெடி என்றால் எனக்கு அந்த வெடிதான் பழக்கம். வெடிக்காவிட்டால் நாங்களும் கோபப்படுவோம், காரணம் வேறு.

இந்த ஆட்டத்தைத் தடை செய் என்று நான் கேட்கவில்லை. வயது வந்தவர்கள் தெரிந்தே இறங்குகிறார்கள். அதில் ஒரு திறமையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். அடிக்கிறவன் எதிரி அல்ல. எங்கே அடிப்பது, எவ்வளவு அடிப்பது என்று அடிபடுகிறவனின் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்கிறான். அவன் அசையாமல் நின்று ஒத்துழைத்தால்தான் இது நடக்கும். எதிர்வீட்டுப் பையன் என் பேரனை நம்பிக் கையை நீட்டியது மாதிரி. ஆனால் இவர்களுக்குப் பயிற்சி கிடையாது, அவர்களுக்கு உண்டு. அப்படி இருந்தும் ஹியோகோவில் தீ மிஞ்சிவிட்டது.

ஃபோலியைப் பற்றி 'பியாண்ட் தி மேட்' என்று 1999ல் வந்த ஆவணப்படம் இருக்கிறது. அதில் அவருடைய சின்னக் குழந்தைகள் மேடையோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா விளையாட்டுக்குத்தான் அடிபடுவார் என்று முன்கூட்டியே சொல்லித்தான் அழைத்து வந்திருக்கிறார்கள். கை கட்டப்பட்ட நிலையில் அவர் தலையில் நாற்காலியால் திரும்பத் திரும்ப அடி விழுகிறது. குழந்தைகள் வீறிட்டு அழுகின்றன. பொய் என்று சொல்லி வைத்ததால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்தக் காட்சியை மட்டும் பேரனோடு உட்கார்ந்து பார்த்தேன். மருமகளுக்கு இதில் சம்மதம் இல்லை, கைபேசியையே பிடுங்கி வைக்க வேண்டும் என்பது அவள் கட்சி. இன்றும் எங்களுக்குள் இதில் உடன்பாடு ஏற்படவில்லை.

பேரன் கேட்டது ஒன்றுதான். "300 டாலர்னா அப்ப எவ்வளவு தாத்தா?" 1995 கணக்கில் ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே என்றேன். "மூணு மேட்ச்சுக்குமா?" என்றான். மூணுக்கும் சேர்த்துத்தான் என்றேன். எதிர்வீட்டுப் பையனுக்கு நாங்கள் கட்டிய ஆஸ்பத்திரி பில்லை எடுத்து அவனிடம் காட்டினேன், தொகையைப் படித்தான். தையல் பிரித்த அன்று அவனே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். இருவரும் இப்போது கேரம் ஆடுகிறார்கள்.

கடைசியாக நமது நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். சங்க மண்டபத்தில் மேடைக்குப் பின்னால், பழைய பேனர்களுக்கு அடியில், ஒரு டஜனுக்குக் குறையாமல் கழற்றிய ட்யூப்கள் கிடக்கின்றன. போன மாதம் நானே பார்த்தேன். பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகள் ஒத்திகைக்கு வரத் தொடங்குவதற்குள் அவற்றை அப்புறப்படுத்த வேண்டும். கபாடிவாலா ட்யூப் எடுக்க மாட்டான். யாராவது வண்டி கொடுத்தால் உடையாமல் ஏற்றி, சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டு வருகிறேன்.