சிறுத்தையும் செல்போனும்

மகாராஷ்டிரத்தின் புனே மாவட்டத்தில் உள்ள ஜுன்னர் வட்டாரத்தில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவது துணிச்சலான காரியம். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்புக்குள் சிறுத்தைகள் குட்டி போட்டுக் குடும்பம் நடத்துகின்றன. விவசாய மின்சாரமோ முறை வைத்து வருகிறது. சில நாட்கள் பகலில், சில நாட்கள் இரவில். இரவு முறை என்றால் டார்ச்சும் கம்புமாகக் கிணற்றடிக்குப் போக வேண்டும். போய்ச் சேரும்போது மின்சாரம் இருக்குமா என்பது வேறு விஷயம்.

இந்த நடையை மிச்சப்படுத்தியது ஒரு செல்போன் கருவி. தாத்தா மோட்டார் போட அலைந்ததைப் பார்த்து வளர்ந்த புனே பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால், பம்ப்செட் ஸ்டார்ட்டரையும் செல்போனையும் இணைத்து ‘நானோ கணேஷ்’ என்று பெயர் வைத்தார். வீட்டுத் திண்ணையில் இருந்தபடி எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும். மின்சாரம் இருக்கிறதா, இல்லையா என்பதையும் சொல்லிவிடும். 2009இல் நோக்கியா நடத்திய போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்தது. இந்தக் கருவியை வாங்கச் சொல்லி விவசாயிக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை. நடந்து நடந்து ஓய்ந்த கால்கள் போதும்.

இன்றைய பேச்சு இதைவிடப் பெரியது. ‘ஸ்மார்ட் ஃபார்மிங்.’ தமிழில் ‘சூட்டிகை வேளாண்மை’ என்கிறார்கள். (துறுதுறுவென்று இருக்கும் பிள்ளையைத்தான் என் பாட்டி ‘சூட்டிகை’ என்பாள். வயலையும் அப்படிச் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியதில்லை.) அதே புனே மாவட்டத்தின் பாராமதியில் வேளாண் மேம்பாட்டு அறக்கட்டளை 2024இல் கரும்பு விவசாயிகளிடம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு சென்றது. மண்ணில் பதித்த சென்சார் ஈரத்தை அளக்கிறது. செயற்கைக்கோள் பயிரைப் பார்க்கிறது. எப்போது தண்ணீர், எப்போது உரம் என்று விவசாயியின் செல்போனுக்குத் தகவல் வருகிறது. தேவையில்லாமல் பாயும் தண்ணீரும் உரமும் மிச்சம். நல்ல விஷயம்தான், கேலி செய்ய எனக்கு மனமில்லை.

ஆனால் தகவல் வந்தபின் என்ன நடக்கும்? இன்று பாய்ச்ச வேண்டும் என்கிறது செல்போன். மின்சாரம் இரவில்தான். மோட்டாரைப் படுத்தபடியே போட்டுவிடலாம். மடையை யார் மாற்றுவது? ஒரு பாத்தி நிரம்பியதும் வரப்பை வெட்டி அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்ப இன்னும் மண்வெட்டிதான், அதைப் பிடிக்க ஓர் ஆள்தான். சொட்டுநீர்க் குழாயும் தானாகத் திறந்து மூடும் வால்வும் போட்டவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. 2015-16 கணக்கெடுப்பின்படி இந்திய விவசாயியின் சராசரி நிலமோ 1.08 ஹெக்டேர். அந்த நிலத்தின் வருமானத்தில் சென்சார், குழாய், வால்வு என்று எல்லாவற்றுக்கும் செலவழித்துவிட்டு அவர் எதைச் சாப்பிடுவார்?

சிறுத்தை யாரையாவது தாக்கும்போதெல்லாம் ஜுன்னர் விவசாயிகள் வைக்கும் கோரிக்கைகளில் ஒன்று பகல் மின்சாரம். விவசாயத்துக்கென்றே சூரிய மின்சாரம் தயாரித்துப் பகலில் கொடுக்கும் திட்டத்தை மகாராஷ்டிர அரசு 2017இல் தொடங்கியது. 2023இல் அதன் இரண்டாம் கட்டத்தை அறிவித்தது. அந்த மின்சாரம் இன்னும் எட்டாத வயலில், செல்போன் மோட்டாரைப் போட்டுவிட்ட பிறகும், ஒருவர் டார்ச்சையும் மண்வெட்டியையும் தேடி எடுக்கிறார்.