அச்சும் அச்சமும்

தஞ்சாவூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் புதுவீடு எழும்பும் இடமெல்லாம் அதன் நெற்றியில் ஒரு முகம் தொங்குவதைக் காணலாம். பிதுங்கிய விழி, முறுக்கிய மீசை, கடைவாய்ப் பல், மார்பு வரை நீண்ட சிவந்த நாக்கு. கண்ணேறு கழிக்க வைக்கும் பூதமுகம் அது. முன்பெல்லாம் பழைய சட்டைக்குள் வைக்கோலைத் திணித்து, கைலி கட்டி, தலைக்குப் பானையைக் கவிழ்த்து, அதில் சுண்ணாம்பாலும் கரியாலும் கண்ணும் வாயும் எழுதுவார்கள். இப்போது மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் அச்சிட்டு வந்த முகம் கடையில் கிடைக்கிறது. கும்பகோணத்தில் வாங்கினாலும் திருவாரூரில் வாங்கினாலும் அதே விழி, அதே நாக்கு. இந்த மாற்றத்தில் நாம் இழந்தது எது என்பதைச் சற்று நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

பழமையை நேசிப்பவர்கள் உடனே அச்சின்மீது பழி போடுவார்கள். கையால் செய்தது உயிருள்ளது, அச்சில் வார்த்தது உயிரற்றது என்பார்கள். தஞ்சையைப் பொறுத்தவரை அந்த வாதம் செல்லாது. உலகறிந்த தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையே அச்சில் பிறப்பதுதான். முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. காகிதக் கூழையும் மாவையும் அவற்றில் அழுத்தி எடுத்து, இரு பாதிகளையும் ஒட்டி, காயவைத்து, தேய்த்து, வண்ணம் தீட்டுகிறார்கள். சாய்ந்தாலும் நிமிர்ந்து நிற்கும் ராஜா ராணி பொம்மையின் அடியில் களிமண் கனமாக உட்கார்ந்திருக்கிறது. 2008-09ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பொம்மையை அச்சில் வார்த்தது என்று யாரும் இழிவாகச் சொன்னதில்லை. ஆகவே குற்றம் அச்சினுடையது அன்று.

பயமுறுத்தும் முகமும் நமக்குப் புதிதன்று. 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற பெரிய கோயிலின் வாயில்களில் நிற்கும் துவாரபாலகர்களைப் பாருங்கள். கோரைப் பல்லும், உருட்டிய விழியும், எச்சரிக்கும் விரலுமாக அவர்கள் நிற்கிறார்கள். அன்பே உருவான இறைவனின் வாசலில் அச்சமே உருவான காவலன். வீட்டு வாசலில் தொங்கும் பூதமுகம் அந்தக் காவலனின் ஏழை உறவினன் என்று சொல்லத் தோன்றுகிறது. மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவிலும் அச்சத்துக்கு ஓர் இடம் உண்டு. பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மர் தோன்றும்போது அணியப்படும் முகமூடி ஆண்டின் மற்ற நாட்களில் வழிபாட்டுக்குரியதாகப் பாதுகாக்கப்படுகிறது. கண்ட நேரத்தில் எடுத்து மாட்டும் பொருளாக அதை யாரும் கருதுவதில்லை.

இங்கேதான் நாம் சொல்ல விரும்பும் செய்தி இருக்கிறது. நம் மரபில் அச்சமூட்டும் உருவத்துக்கு ஒரு தவணை உண்டு. வாசலில் கட்டிய பூசணிக்காய் அழுகும், அல்லது சுற்றி எடுத்துத் தெருமுனையில் உடைக்கப்படும். சோளக்கொல்லைப் பொம்மை அறுவடையோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும். வைக்கோல் மனிதன் புதுமனை புகுவிழாவோடு விடைபெறுவான். பிறர் கண்ணில் உள்ள பொறாமையைத் தன்மேல் வாங்கிக்கொண்டு, அதோடு சேர்ந்து தானும் அழிவதுதான் அந்த உருவத்தின் தொழில். நம்புகிறவர்களுக்கு அது சடங்கு. நம்பாதவர்களுக்கும் அது ஓர் அழகான கற்பனை என்பதில் ஐயமில்லை. பிளாஸ்டிக் முகம் இந்த இலக்கணத்தை உடைக்கிறது. வந்த வேலை முடிந்த பின்னும் போகத் தெரியாத விருந்தாளி அது.

மேலைநாட்டிலும் ஏறத்தாழ இதே கதை நடந்திருப்பது வியப்பளிக்கிறது. அக்டோபர் 31 அன்று வரும் ஹாலோவீன் இரவுக்காக அயர்லாந்தில் கிழங்கு வகைகளைக் குடைந்து முகம் செதுக்கினார்கள். அந்த வழக்கம் அமெரிக்காவுக்குப் போனபோது கிழங்கின் இடத்தைப் பூசணி பிடித்தது. நாம் பூசணியில் முகம் எழுதுகிறோம், அவர்கள் குடைகிறார்கள். இரண்டும் சில வாரங்களில் மண்ணாகிவிடும். பிறகு அங்கேயும் எலும்புக்கூடும் மண்டையோடும் பிளாஸ்டிக்கில் வந்தன. கடையில் வாங்குவது அலுத்த ஆர்வலர்கள் வீட்டிலேயே அவற்றை வார்க்கிறார்கள். பிளாஸ்டிக் தகட்டைச் சூடேற்றி இளக்கி, அச்சின்மேல் போர்த்தி, கீழிருந்து தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் காற்றை இழுத்தால் தகடு அச்சின் வடிவத்தை அப்படியே பற்றிக்கொள்கிறது. கடையில் தொங்கும் நம் பூதமுகமும் இதே முறையில், பெரிய இயந்திரத்தில் பிறப்பதுதான்.

தானே செய்து பார்க்கும் அந்த ஆர்வத்தை நாம் பாராட்டுகிறோம். வாங்குகிறவனைவிடச் செய்கிறவன் எப்போதும் ஒரு படி மேல். ஆனால் நம் வீடுகளுக்கு அந்த முறையைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. பிவிசி தகடு அளவுக்கு மீறிச் சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் வாயு வெளிப்படும். அது கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். பாலிஸ்டைரீன் கருகினாலும் புகை நல்லதன்று. சோறு சமைக்கும் அடுப்பில், குழந்தைகள் சுற்றி நிற்கும் சமையலறையில் செய்யத் தக்க வேலை இதுவல்ல.

மழையில் கரையாது, விலையும் குறைவு, எடையும் இல்லை, இதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பெரிய கோயிலின் காவலர்கள் ஆயிரம் ஆண்டுகளாகக் கல்லில் நிற்கவில்லையா, நிலைத்திருப்பது குற்றமா என்றும் கேட்கலாம். நிலைக்க வேண்டிய இடத்துக்குக் கல்லைத் தேர்ந்தான் சோழன். அந்தக் கல்லை யாரும் மூன்றாம் ஆண்டு குப்பையில் எறிவதில்லை. பிளாஸ்டிக் முகமோ விலையில் வைக்கோல், ஆயுளில் கல். வெயிலில் இரண்டு மூன்று கோடை கண்டதும் சிவப்பு வெளுத்து, தகடு மொறுமொறுத்து, விளிம்பில் விரிசல் விடுகிறது. அப்போது அதைக் கழற்றி எறிகிறோம். முகம் செத்துவிட்டது, பொருள் சாகவில்லை.

எறிந்தது எங்கே போகிறது என்பதை டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. நீர் இருப்பைப் பொறுத்துச் சில ஆண்டுகளில் நாள் மாறும். என்று திறந்தாலும், கோடை முழுவதும் வறண்ட வாய்க்காலில் சேர்ந்த குப்பையை முதல் தண்ணீர் வாரிக்கொண்டுதான் வருகிறது. மதகில் அடைத்துக்கொள்வது போக மிஞ்சியது துண்டு துண்டாகி வயலில் இறங்குகிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. பையும் குவளையும் அந்தப் பட்டியலில் அகப்பட்டன, பூதமுகம் அகப்படவில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய விஷயமாகவும் இது நமக்குத் தோன்றவில்லை.

ஏனென்றால் மாற்று வழி நம் ஊரிலேயே இருக்கிறது. வாய்க்கால் களிமண்ணைப் பிசைந்து, ஒரு பலகைமேல் முகத்தைப் புடைப்பாகச் செய்துகொள்ளுங்கள். மூக்கும் புருவமும் சற்று மிகையாகவே இருக்கட்டும். தெருவிலிருந்து பார்க்கிறவருக்கு நுணுக்கம் தெரியாது, நிழல்தான் தெரியும். களிமண் ஈரமாக இருக்கையிலேயே, வெறும் தண்ணீரில் நனைத்த செய்தித்தாள் துண்டுகளை முதல் அடுக்காகப் பரப்புங்கள். அச்சிலிருந்து பிரித்தெடுக்க அது உதவும். அதன்மேல் மரவள்ளி மாவையோ மைதாவையோ காய்ச்சிய பசையில் தோய்த்த காகிதத்தை ஐந்தாறு அடுக்காக ஒட்டுங்கள். ஓர் அடுக்கு காயாமல் அடுத்ததை அவசரமாக ஏற்றினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். நன்கு காய்ந்த பின் பெயர்த்து, சுண்ணாம்பு பூசி, வண்ணம் தீட்டலாம். தாழ்வாரத்து நிழலில் தொங்கவிட்டால் ஒரு மழைக்காலத்தைத் தாங்கும். அதற்குமேல் அது தாங்க வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த ஆண்டு அதே களிமண்ணில் வேறொரு முகம் பிறக்கட்டும்.

இப்படிச் செய்யும்போது இன்னொன்றும் நிகழ்கிறது. பூதத்தின் கண்ணை எங்கே வைப்பது, வாயை எவ்வளவு திறப்பது என்று முடிவுசெய்யும் குழந்தை, எது தன்னைப் பயமுறுத்துகிறது என்பதையும் யோசித்தாக வேண்டும். தான் வனைந்த அச்சத்தைக் கண்டு யாரும் நெடுநாள் நடுங்குவதில்லை. கடையில் வாங்கிய முகம் அந்தப் பாடத்தைத் தராது. அங்கே யாரோ நமக்காகப் பயந்து முடித்துவிட்டார்கள்.

நவராத்திரிக் கொலுவுக்கு ஆண்டுதோறும் ஒரு புதுப் பொம்மை சேர்க்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தப் பொம்மையைக் காகிதக் கூழிலும் மண்ணிலும் இன்னும் வேலை செய்கிற கலைஞரிடம் வாங்கலாம். வாங்கும்போதே கூழ் பிசையும் பக்குவத்தை நம் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லியும் கேட்கலாம். அம்மனும் ராஜா ராணியும் அவர் கையிலிருந்து வரட்டும். வாசலில் தொங்கும் பூதத்தை மட்டுமாவது நாமே செய்வோம். நம் வீட்டைக் காக்க வருபவனுக்கு நம் வீட்டுச் சாயல் இருப்பதுதானே முறை?