வானத்தைப் பார்த்து வயிற்றைக் கவனியுங்கள்

அக்டோபர் வந்தால் மும்பைக்கு இரண்டாவது கோடை. ஜூனில் இறங்கிய மழை நான்கு மாதம் ஆட்டிப்படைத்துவிட்டு விடைபெறும். மறுநாளே வானம் வெளுத்து வெயில் சுள்ளென்று அடிக்கும். அதே நாட்களில் தமிழ்நாட்டில் ஐப்பசி அடைமழை. ஆனால் மாட்டுங்கா கடைவீதியில் தீபாவளி லேகியத்துக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை வாங்குபவர்களுக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல. ஊரில் அம்மா கிளறினார், இங்கே மகள் கிளறுகிறாள். ஊர் மாறினாலும் பஞ்சாங்கம் மாறவில்லை.

ஆனால் ஆயுர்வேதம் பஞ்சாங்கத்தை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை, பருவத்தைப் பார்க்கச் சொல்கிறது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எதைச் சாப்பிடலாம், எப்படி நடந்துகொள்ளலாம் என்று தனி அத்தியாயமே எழுதி வைத்திருக்கிறது. மழைக்காலத்தில் பசித்தீ மந்தமாகிவிடும். ஆகவே பழைய அரிசி, காய்ச்சி ஆறிய நீர், செரிமானத்தைத் தூண்டும் எளிய உணவு. மழை விட்டுத் திடீரென்று வெயில் ஏறும்போது பித்தம் கிளம்பும். அப்போது கசப்பும் இனிப்பும் குளிர்ச்சியும் வேண்டும். காரம் குறைய வேண்டும். இந்தக் கணக்குப்படி சுக்கும் மிளகும் சேர்ந்த லேகியம் தமிழ்நாட்டு மழைக்கு அருமையான துணை. செம்பூரின் அக்டோபர் வெயிலுக்கு? பட்சணம் தின்ற வயிற்றுக்குச் சுண்டைக்காய் அளவு போதும். "உடம்புக்கு நல்லது" என்று மாதம் முழுக்கக் கரண்டி கரண்டியாய்ச் சாப்பிட வேண்டியதில்லை.

அதே நூலில் இன்னொரு அழகான யோசனையும் உண்டு. ஒரு பருவத்தின் கடைசி ஏழு நாட்களும் அடுத்த பருவத்தின் முதல் ஏழு நாட்களும் சேர்ந்தது பருவச் சந்தி. இந்த 14 நாட்களில் பழைய பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். சட்டென்று மாற்றினால் அதுவே நோய்க்கு வழி. அவசரக்கார நகரத்துக்கு இதைவிட நல்ல புத்திமதி ஏது?

நம் சித்தர்களும் சளைத்தவர்கள் அல்லர். தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதி, பேதி மருந்து நான்கு மாதத்துக்கு ஒரு முறை, வாந்தி மருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எண்ணெய் முழுக்கு நான்கு நாளுக்கு ஒரு முறை என்று கால அட்டவணையே போட்டுத் தருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டப்பட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

அந்த விளக்கெண்ணெயைத்தான் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அதிலிருந்து பிரியும் ரிசினோலிக் அமிலம் குடலைச் சுருங்க வைக்கிறது, அதனால்தான் பேதி. அதே அமிலம் கருப்பையையும் சுருங்க வைக்கும். ஆகவே கர்ப்பிணிகள் தொடக்கூடாது. குழந்தைகள், முதியவர்கள், மெலிந்தவர்கள் ஆகியோருக்கும் பழைய நூல்களே விலக்கு அளிக்கின்றன. மற்றவர்களுக்கும் முதலில் நெய், பிறகு வேது, அதன் பிறகே மருந்து, முடிந்ததும் கஞ்சியில் தொடங்கிப் படிப்படியாகச் சோறு என்று வரிசை உண்டு. வைத்தியர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டிய காரியம் அது. மருந்துக்கடையில் பாட்டில் வாங்கி வந்து வீட்டில் செய்வது அதன் பாதி கூட இல்லை. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர், சர்க்கரை நோயாளி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர் பேதிக்குச் சாப்பிட்டு உடம்பில் நீர் வற்றினால், போய்ச் சேரும் இடம் ஆஸ்பத்திரி. மழைக்காலத்து மும்பையில் டெங்கு, எலிக்காய்ச்சல், மஞ்சள் காமாலை எல்லாம் சுற்றும். காய்ச்சலோடு இருக்கும் உடம்பைக் 'கழுவ' நினைப்பது ஆபத்து.

தாராவிக்குப் போனால் இன்னொரு உண்மை தெரியும். வீட்டிலேயே பேதி மருந்து சாப்பிட முதலில் வீட்டுக்குள் கழிப்பறை இருக்க வேண்டும். பல குடும்பங்களுக்கு ஒரு பொதுக்கழிப்பறை, அதற்கும் வரிசை, குழாயில் தண்ணீர் சில மணி நேரம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தும் பெண்ணிடம் 'வீட்டுப் பராமரிப்பு' பற்றிப் பேசும் எந்த வைத்தியமும் அந்த வரிசையை மறந்துவிட்டுப் பேச முடியாது. அவளுக்கு வேண்டியது பேதி அல்ல. காய்ச்சிய நீரும் நேரத்துக்கு ஒரு கஞ்சியும்.

மொழிபெயர்ப்பு என் தொழில். 'டீடாக்ஸ்' என்ற சொல் வரும்போதெல்லாம் 'நச்சு நீக்கம்' என்று எழுதத் தோன்றும். எந்த நஞ்சு என்று கேட்டால் விளம்பரத்தில் பதில் இருக்காது. ஆயுர்வேதத்தில் இருக்கும் சொல் ஆமம். வேகாதது, செரிக்காதது என்று பொருள். அதற்கு முதல் மருந்து பட்டினியும் லேசான உணவும். உடம்பின் கழிவை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் இல்லாமல் நாள்தோறும் செய்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் கெடுக்காமல் இருப்பதே பெரிய உதவி.

கெடுத்த கதையும் இந்த நகரத்தில் உண்டு. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காக வீட்டுக்கு வீடு சீந்தில் கொடியைக் காய்ச்சிக் குடித்தார்கள். மராட்டியில் குள்வேல், இந்தியில் கிலோய். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அதைச் சாப்பிட்டு கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் ஆய்விதழில் எழுதினார்கள். சீந்தில் போலவே இருக்கும் வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அடுத்த ஆண்டு நாட்டின் பல மருத்துவமனைகளிலிருந்து 43 பேரின் விவரம் வெளியானது. அமைச்சகம் சொன்னதே சரி என்று வைத்துக்கொண்டாலும், தெருவில் கட்டுக் கட்டாக விற்கும் கொடி எது என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? பச்சிலை என்பதாலேயே பத்திரம் என்று ஆகிவிடாது.

சரி, வீட்டில் என்னதான் செய்யலாம்? மழை விட்டு வெயில் ஏறும் அந்த இரண்டு வாரங்களில் இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடியுங்கள். வாரம் ஒரு நாள் ஒரு வேளை கஞ்சி. வறுவலுக்குப் பதில் பாகற்காய், புடலங்காய், பாசிப்பருப்பு. காரமும் புளியும் ஒரு மாற்றுக் குறையட்டும். வாரம் ஒரு நல்லெண்ணெய் முழுக்கு, காய்ச்சல் சளி இல்லாத நாளில். வழுக்கும் டைல்ஸ் தரையில் வயதானவர்களை உட்கார வைத்துத் தேய்த்துவிடுங்கள். எலும்பு முறிவுக்கு லேகியம் கிடையாது. டாக்டர் கொடுத்த மாத்திரையை எந்தப் பருவத்திலும் நிறுத்தாதீர்கள். கண்ணோ சிறுநீரோ மஞ்சளானால் கஷாயத்தை இறக்கி வைத்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். என்னென்ன குடித்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். லேகியத்துக்கும் அதுதான் கணக்கு.