ஆவணங்கள் சரி; அரசு எங்கே?

வீடு வாங்கும் முன் மூலப்பத்திரத்தைப் பாருங்கள், வில்லங்கச் சான்று எடுங்கள், வழக்கறிஞரிடம் கருத்துப் பெறுங்கள் என்று நாளேடுகளின் சொத்துப் பக்கங்கள் ஓயாமல் அறிவுறுத்துகின்றன. இந்த அறிவுரையில் தவறில்லை. ஆனால் ஏமாற்றப்பட்டவர்கள் அனைவரும் எச்சரிக்கையற்றவர்களே என்று அது சொல்லாமல் சொல்வதுதான் பெரும் பொய்.

நொய்டா, கிரேட்டர் நொய்டாவில் ஆம்ரபாலி குழுமத்திடம் வீட்டுக்குப் பணம் கட்டிய 42,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் எதைச் சரிபார்க்கத் தவறின? நிலத்தை ஒதுக்கியது அரசின் வளர்ச்சி ஆணையம். கடன் கொடுத்தவை பெயர்பெற்ற வங்கிகள். மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு இதைவிட உறுதியான சான்று எங்கே கிடைக்கும்? இருந்தும் அவர்களது பணம் வேறு நிறுவனங்களுக்குத் திருப்பிவிடப்பட்டது. ஆணைய அதிகாரிகளும் வங்கிகளும் இதற்குத் துணைபோனதை 2019 ஜூலை 23 அன்று உச்சநீதிமன்றமே பதிவு செய்தது. குழுமத்தின் ரேரா பதிவை ரத்து செய்து, எஞ்சிய கட்டுமானத்தை என்பிசிசி என்ற பொதுத்துறை நிறுவனத்திடம் அது ஒப்படைத்தது. தனியார் சூறையாடியதைக் கட்டி முடிக்கப் பொதுத்துறைதான் வரவேண்டியிருந்தது!

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமல்ல. முடங்கிக் கிடக்கும் திட்டங்களை ஆராய ஒன்றிய அரசு அமைத்த அமிதாப் காந்த் குழு 2023இல் அளித்த அறிக்கையின்படி, நாடெங்கும் நெருக்கடியில் சிக்கிய வீடுகள் 4.12 லட்சம், அவற்றின் மதிப்பு 4.08 லட்சம் கோடி ரூபாய். கட்டி முடிக்கும்வரை தவணையைத் தாமே செலுத்துவதாகச் சொல்லி, வங்கிக் கடனை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு, பின்னர் கைவிரித்த நிறுவனங்களும் உண்டு. வங்கிகளோ வீடே பெறாதவர்களிடம் தவணை கேட்டன. இந்தக் கூட்டு குறித்து சிபிஐ விசாரிக்க 2025இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வாங்குவோர் தரும் பணத்தில் 70 விழுக்காடு தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தமின்றி விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்குவோர் இவற்றை அறிந்திருப்பதும், திட்டத்தின் ரேரா பதிவு எண்ணைச் சரிபார்ப்பதும், கட்டுமானம் உயர உயரப் பணம் தருவதும் அவசியமே. ஆனால் பணத்தைத் திருப்பித் தர ரேரா ஆணையிட்டாலும், நிலவரி பாக்கியைப் போல வசூலித்துத் தர வேண்டிய வருவாய்த் துறை அசையாவிட்டால் அந்த ஆணை வெறும் காகிதமே.

பாஜக அரசு 2018இல் திவால் சட்டத்தின்கீழ் வீடு வாங்குவோரை நிதிக் கடனீந்தோராக ஏற்றது. 2019 டிசம்பரிலேயே அவசரச் சட்டத்தால் அந்த உரிமையைக் குறுக்கியது. ஒரு வங்கி தனித்து மனுச் செய்யலாம். வீடு வாங்கியவர்களோ ஒரே திட்டத்தில் 100 பேரோ, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கினரோ சேர்ந்தாக வேண்டும்! யாருக்கான சட்டம் இது?

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் பத்திரத்தைப் பதிவு செய்கிறதேயன்றி, உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. முத்திரைத் தீர்வையைக் கணக்காக வசூலிக்கும் அரசு, விற்றவருக்கு அந்த நிலம் உரியதா என்ற கேள்வி எழும்போது ஒதுங்கிக்கொள்கிறது.

நிலவுடைமைக்கு அரசே உத்தரவாதம் தர வேண்டும். 100 பேர் என்ற வரம்பு நீக்கப்பட வேண்டும். கட்டாத வீட்டுக்குக் கடனை முழுவதுமாக விடுவித்த வங்கி, அந்த இழப்பைத் தானே ஏற்க வேண்டும். உழைப்போருக்கான வீட்டுவசதியை அரசு தன் பொறுப்பாகக் கொள்ள வேண்டும். ஆம்ரபாலியில் வீடு வாங்கியவர்களுக்குத் தீர்ப்பைப் பெற்றுத் தந்தது அவர்கள் கையில் இருந்த கோப்புகள் மட்டுமல்ல; ஒன்றுதிரண்டு தெருவிலும் நீதிமன்றத்திலும் நடத்திய போராட்டமே. வீடு வாங்கும் முன் ஆவணங்களைத் திரட்டுவோம். கூடவே, அண்டை வீட்டாராகப் போகிறவர்களையும் திரட்டுவோம்.