ரெண்டு மாசம் டைம் குடுத்தோமே, ஏன் சொல்லல?

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டிருந்த பதிவு. மொக்கை எதிர்பார்த்து வந்த மக்கள் மன்னிக்கவும், இன்னிக்கு கொஞ்சம் சூடா இருக்கும்.

மேட்டர் இதுதான். ஒரு ஊர்ல எது வயல், எது வீடு, எது கடை, எது ஃபேக்டரின்னு முடிவு பண்ற விதிகளை மாத்தும்போது, அந்த ஊர்க்காரன்கிட்ட கேக்கறாங்களா? "கேக்கறோமே"ன்னு அரசாங்கம் சொல்லும். அதுக்குப் பேர் கேக்கறது இல்லைங்கறதுதான் என் கட்சி.

சட்டத்துல குறை சொல்ல முடியாது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. அதோட 26-வது பிரிவுப்படி, முழுமைத் திட்டம் தயாரானதும் அரசிதழ்லயும் முக்கியமான தினசரிகள்லயும் அறிவிப்பு போடணும். திட்டத்தோட பிரதியை எங்க பாக்கலாம்னு சொல்லணும். ஆட்சேபணை, ஆலோசனை எழுத்துல தர்றதுக்கு குறைஞ்சது ரெண்டு மாசம் டைம் குடுக்கணும்.

படிக்க அம்சமாத்தான் இருக்கு. ஆனா உளுந்தூர்பேட்டையில அரசிதழ் படிக்கிற ஒரு ஆளை எனக்குக் காட்டுங்க, அவர் வீட்டு வாசல்ல கோலம் போடறேன். எங்க ஊர் டீக்கடையில ஒரு பேப்பரை ஆறு பேர் பங்கு போட்டுப் படிப்பாங்க. டெண்டர் விளம்பரத்துக்கு நடுவுல பொடி எழுத்துல "நில உபயோக மாற்றம், சர்வே எண் இத்தனை"ன்னு இருக்கறதை யாராவது வாய்விட்டுப் படிச்சு நான் கேட்டதில்ல.

நம்ம தொழில் பாஷையில சொல்றேன். ரெக்வயர்மென்ட் கேக்காமலே டிசைன் போட்டு, கோட் எழுதி, பில்டும் போட்டாச்சு. அப்புறம் க்ளையண்ட்டைக் கூப்பிட்டு "ஏதாவது கருத்து இருந்தா ரெண்டு மாசத்துல மெயில் போடுங்க"ன்னா அவன் ப்ராஜெக்ட்டையே பிடுங்கிட்டுப் போயிடுவான். ஊர் விஷயத்துல மட்டும் அதுக்கு "மக்கள் பங்கேற்பு"ன்னு பேரு.

கேக்காம விட்டா என்ன ஆகும்னு 2016-ல பார்த்தோம். அந்த வருஷம் செப்டம்பர் 9-ம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு பண்ணக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. விளைநிலம் மனையா மாறிக்கிட்டே போறதைத் தடுக்கணும்ங்கற நோக்கம் நியாயம்தான். ஆனா அடி யாருக்கு? லேஅவுட் போட்டவன் கொடி கட்டி, பந்தல் போட்டு, மதிய சாப்பாடும் போட்டு எல்லாத்தையும் வித்துட்டுப் போயிட்டான். மாசத் தவணையில ரெண்டு சென்ட் வாங்கின கொத்தனாரும், ஆயாம்மாவும், மளிகைக்கடை பையனும்தான் மாட்டினாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு விக்கலாம்னு வெச்சிருந்த மனை, வெறும் பேப்பரா நின்னுச்சு. 2017-ல வரன்முறை விதிகள் வந்துச்சு, 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி வித்த மனைகளுக்கு. விண்ணப்பிக்க கடைசித் தேதியை எத்தனை தடவை நீட்டினாங்கன்னு எண்ணிப் பாருங்க. ஜனங்களுக்குப் புரியற மாதிரி ஒரு விதியை முதல்லயே பேசி வெச்சிருந்தா, இத்தனை தடவை நீட்ட வேண்டிய அவசியமே வந்திருக்காது.

சரி, இப்ப எதுக்கு இந்தப் புலம்பல்? எங்க ஊர் மாறிக்கிட்டிருக்கு பாஸ். சென்னை - திருச்சி ரோடும் சேலம் ரோடும் பிரியற இடம். பஸ் நின்னா டீ குடிக்கிற ஊர்னுதான் பாதிப் பேருக்குத் தெரியும். 2019 நவம்பர்ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சு. 2021-ல பேரூராட்சி நகராட்சி ஆச்சு. 2023 ஏப்ரல்ல தைவான் காலணிக் கம்பெனி ஒண்ணு, உளுந்தூர்பேட்டை சிப்காட்ல 2,302 கோடி முதலீடு, 20,000 பேருக்கு வேலைன்னு ஒப்பந்தம் போட்டுச்சு. வேலை வரட்டும், ரொம்ப சந்தோஷம். ஆனா இந்த 20,000 பேர், அதுலயும் பெரும்பாலும் பொண்ணுங்க, எங்க தங்குவாங்க? ஹாஸ்டலா, வாடகை ரூமா? அந்த ரூமுக்கு கக்கூஸ் தண்ணி எங்க போகும்? வாடகை ஏறினா இப்ப குடியிருக்கறவங்க எங்க போவாங்க? இதெல்லாம்தான் நில உபயோக விதி. வரைபடத்துல மஞ்சள் கலரு, சிவப்பு கலரு இல்ல.

இதுல விதிப்புத்தகம் வேற. 2019 பிப்ரவரியில வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். சென்னை அண்ணா நகருக்கும் எங்க ஊருக்கும் ஒரே புத்தகம். எஃப்.எஸ்.ஐ., ஓ.எஸ்.ஆர்., செட்பேக்னு இன்ஜினியரிங் படிச்ச எனக்கே ரெண்டு தடவை படிச்சாத்தான் ஏறுது. உதாரணத்துக்கு ஒண்ணு: 10,000 சதுர மீட்டருக்கு மேல லேஅவுட் போட்டா, ரோடு போக மீதியில 10 சதவீதத்தை பொது இடமா ஒப்படைச்சே ஆகணும். உங்க நகர்ல அந்த இடம் எங்க இருக்குன்னு தெரியுமா? தெரியாதவன் எப்படிய்யா ஆட்சேபணை எழுதுவான்?

"பாமர ஜனங்களுக்கு பிளானிங் பத்தி என்ன தெரியும்?"னு கேக்கற அறிவாளிகளுக்கு ரெண்டு பதில்.

ஒண்ணு, எந்த மழைக்கு எந்தத் தெருவுல முழங்கால் தண்ணி நிக்கும், ஏரி வாய்க்கால் முன்னாடி எந்தப் பக்கம் ஓடுச்சுங்கறது சாட்டிலைட் படத்துல வராது. அது அங்க இருக்கற கிழவிக்குத்தான் தெரியும்.

ரெண்டு, மும்பையைப் பாருங்க. 2015 பிப்ரவரியில மும்பை வளர்ச்சித் திட்ட வரைவு வந்துச்சு. 60,000-க்கும் மேல ஆட்சேபணை. ஜனங்க உக்காந்து தப்புகளைப் பொறுக்கி எடுத்துக் காட்டினதுல, ஏப்ரல்லயே முதல்வர் அந்த வரைவைத் தூக்கிப் போட்டு, திருத்தி எழுதச் சொன்னார். நிபுணருங்க போட்ட பிளான்தானே அது?

இன்னொரு கோஷ்டி சொல்லும், "எல்லார்கிட்டயும் கேட்டா வேலை நடக்காது". உண்மையில இப்பவும் கேக்கறாங்க. ஆபீஸ் மாடிப்படி ஏறத் தெரிஞ்சவன்கிட்ட, எந்த ஃபைல் எந்த மேஜையில இருக்குன்னு தெரிஞ்சவன்கிட்ட. ஊரைக் கூப்பிடலைங்கறது மட்டும்தான் வித்தியாசம்.

அப்ப என்னதான் பண்ணணும்கறே? சொல்றேன்.

1. வரைவுக்கு முன்னாடி கேளுங்க. சென்னையோட மூணாவது முழுமைத் திட்டத்துக்கு சி.எம்.டி.ஏ. 2022-லயே தொலைநோக்கு ஆவணத்துக்குன்னு மக்கள் கருத்து கேட்டுச்சு. சென்னைக்காரனுக்கு மட்டும்தான் தொலைநோக்கா? எங்களுக்கும் கண்ணு தெரியும்.

2. தமிழ்ல குடுங்க. 2020-ல சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை 22 மொழியில மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டி வந்துச்சு. அதையும் எதிர்த்து மத்திய அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு! நம்ம ஊர் வரைபடமாவது தெருப் பேரோட, சர்வே நம்பரோட, தமிழ்ல நகராட்சி வாசல்ல ஒட்டணும்.

3. ஜனங்க இருக்கற இடத்துக்கு வாங்க. பகுதி சபைன்னு ஒண்ணு 2022 நவம்பர் 1-ல ஆரம்பிச்சாங்களே, அதை இதுக்குப் பயன்படுத்துங்க. கோயில் மண்டபத்துல மட்டும் கூட்டம் வெச்சா யார் வருவாங்க, யார் வெளிய நிப்பாங்கன்னு நம்ம ஊர்ல பொறந்த எல்லாருக்கும் தெரியும். 'காலனி'ங்கற சொல்லை அரசு ஆவணத்துல இருந்து எடுக்கறதா 2025-ல அறிவிச்சாங்க. நல்லது. அந்தத் தெருக்கள்லயும் ஒரு கூட்டம் போடுங்க, குப்பைக்கிடங்கும் சுடுகாடும் ஏன் எப்பவும் அவங்க பக்கமே வருதுன்னு கேப்பாங்க. பதில் வெச்சிருங்க.

4. ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் எழுத்துல பதில். ஏத்துக்கிட்டீங்கன்னா என்ன மாத்தினீங்க, ஏத்துக்கலைன்னா ஏன். பக் டிராக்கர்ல காரணம் போடாம க்ளோஸ் பண்ணா நம்ம மேனேஜர் விடுவாரா? :-)

இதுல பெரிய புரட்சி எதுவும் இல்ல. புதுச் சட்டமும் வேணாம். 26-வது பிரிவு குடுக்கற ரெண்டு மாசத்தை நிஜமான ரெண்டு மாசமா ஆக்கினா பாதிக் கிணறு தாண்டிடலாம்.

மக்களே, நீங்க அம்பத்தூரோ, ஆத்தூரோ, அறந்தாங்கியோ, அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஒரு வேலை பண்ணுங்க. நகராட்சி ஆபீஸ்ல போய் "எங்க தெருவுக்கு என்ன நில வகைப்பாடு?"ன்னு கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. அலைய விட்டாங்கன்னா அதையும் சொல்லுங்க.

டிஸ்கி: "நீ ரியல் எஸ்டேட்டுக்கு எதிரியா?"ன்னு அனானியா வந்து கேக்கப் போற அண்ணனுக்கு: இல்லீங்கண்ணா. ஜனங்க வீடு கட்டட்டும்னுதான் சொல்றேன். ஏரிக்குள்ள வேணாம்னும் சொல்றேன். அவ்ளோதான்.