கிரீஸ் கன்னைக் கீழே வைங்க சாமி!

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் தெரியும்ல? 1962லேர்ந்து 1980 வரைக்கும் இங்கிலாந்துல தயாரான குட்டி ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, திறந்த கூரை, பார்த்தா கண்ணை எடுக்க முடியாது. இந்த அழகியைப் பாசமா வளர்க்கிறோம்னு சொல்லிக்கிட்டே கிரீஸ் அடிச்சுக் கொல்றாங்களே, அந்தக் கோஷ்டிக்குத்தான் இந்தப் பதிவு.

விஷயம் இதுதான் மக்களே. முன் சக்கரத்தைத் தாங்குற எஃகுத் தண்டோட அடிப்பகுதியில மரை இருக்கு. அது 'ட்ரன்னியன்'ங்கிற வெண்கலத் துண்டுக்குள்ள திருகி உட்கார்ந்திருக்கு. ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் தண்டு அந்த மரையிலதான் திரும்புது. வண்டியோட முன்பக்க எடையும் இது வழியாத்தான் சக்கரத்துக்கு இறங்குது. இவ்வளவு வேலை செய்ற இடத்துக்கு கம்பெனி சொன்னது கிரீஸ் இல்லைங்க, கியர் ஆயில். ஹைப்பாய்டு 90. 6000 மைலுக்கு ஒரு தடவை.

நம்மாளு என்ன பண்றான்? நிப்பிளைப் பார்த்ததும் கை அரிக்குது, கிரீஸ் கன்னைச் சொருகிடறான். கேட்டா, "ஆயில் ஒழுகிடும் பாஸ், கிரீஸ்தான் நிக்கும்"ங்கறான். நிக்கும்தான்! நின்ன இடத்துலயே நிக்கும், அதான் பிரச்சனையே. தண்டு பாதிச் சுத்துகூடச் சுத்தாது. அதனால மரையிலேர்ந்து பிதுங்கின கிரீஸைத் திரும்ப உள்ளே இழுத்துக்க வழியே இல்லை. நாளாக ஆக இறுகிப்போகும். தண்ணி இறங்கும், துரு பிடிக்கும், விரிசல் விடும். ஆயில் அப்படி இல்லை, மரை இடுக்குல தானா ஊர்ந்து போகும். ஒழுகும்போது அழுக்கையும் கூட்டிக்கிட்டுப் போகும். ஒழுகுதா? திரும்ப ஊத்துங்க. அதுக்குத்தானே 6000 மைல் கணக்கு!

"இப்போ கிரீஸெல்லாம் நவீனம்"னு அடுத்த வாதம் வரும். கிரீஸ் நவீனம்தான் ராசா, மரை 1960கள்ல போட்டதாச்சே?

கிரீஸ் மேல எனக்குப் பகை ஒண்ணும் கிடையாது. இதே கார்ல ஸ்டீயரிங் ரேக்குக்கு கிரீஸ்தான். அதுவும் அளவா. அளவு மீறினா ரப்பர் உறை உப்பிக்கும். எதுக்கு எதுன்னு கையேட்டுல தெளிவா எழுதி வச்சிருக்கான். டாக்குமென்ட் படிக்காம கோடுல கை வைக்கிற ஆளுங்களோட தினமும் ஆபீஸ்ல மாரடிக்கிறேன். அங்கே சர்வர்தான் படுக்கும். இங்கே தண்டு உடைஞ்சு சக்கரமே மடிஞ்சுக்கும். பார்க்கிங்ல ஒடிக்கும்போது நடந்தா செலவோட போச்சு, நெடுஞ்சாலையில நடந்தா?

இன்னொண்ணு. பிரிட்டன்ல 2018 மே மாசத்துலேர்ந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத 40 வயசு தாண்டின கார்களுக்கு வருடாந்திரச் சோதனை கட்டாயம் இல்லை. கடைசி ஸ்பிட்ஃபயருக்கே 40 தாண்டியாச்சு. அதாவது, ட்ரன்னியன் ஆடுதான்னு குலுக்கிப் பார்க்க இனி அரசாங்கம் கூப்பிடாது. நீங்கதான் பார்க்கணும்.

"ஊரான் காருக்கு உனக்கென்னடா?"ங்கறீங்களா? ஸ்பிட்ஃபயரோட முன் சஸ்பென்ஷன் ஹெரால்டுலேர்ந்து வந்தது. அந்த ஹெரால்டு நம்ம மெட்ராஸ்ல 1961லேர்ந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டா தயாரான வண்டி. தாத்தா வச்சுட்டுப் போன ஹெரால்டு உங்க வீட்டுக் கொட்டகையில நின்னா, ஜாக்கி போட்டுத் தூக்குங்க. பழைய கிரீஸை வழிச்சுச் சுத்தம் பண்ணுங்க. மேலே கசியற வரைக்கும் ஆயிலை ஏத்துங்க.

டிஸ்கி: தரையில ஆயில் சொட்டுதுன்னு வீட்டுல திட்டினா, அடியில ஒரு அட்டையைப் போடுங்க. கிரீஸைப் போடாதீங்க!